ஜீப் வண்டி ஏன் முனகுகிறது?

சென்ற மார்கழி விடுமுறையில், முல்லைத்தீவுப் பகுதியிற் கமஞ்செய்யும் எமது மைத்துனர் வீட்டிற் சில நாட்கள் தங்கியிருந்தோம். அவரிடம் ஒரு பழைய லாண்ட் றோவர் வண்டி உண்டு. உர மூட்டைகளும் நெல் மூட்டைகளும் ஏற்றுவதே அதன் தொழில். ஆயினும் மாரி பெய்து பாதை சேறானதும், அயலிலுள்ள பிள்ளைகள் பதின்மரைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுவே.

அவ்வண்டி சில மாதங்களாக அடியிலிருந்து 'கடக், கடக்' என ஒலி எழுப்பி வந்தது. பட்டணத்துக் கராஜ் ஒன்றிற் காட்டியபோது, "சொக் அப்சோபர் பழுது" என்று கூறி நான்கையும் மாற்றிவிட்டார்கள். காலபோகத்துக்கென வைத்திருந்த பணத்திற் பெரும்பகுதி அதிற் கரைந்தது. வீடு வந்து சேருமுன்னரே பழைய ஒலி மீண்டும் கேட்டதாம். தைமாதம் பாடசாலை திறந்ததும் பிள்ளைகள் ஏறவேண்டிய வண்டி இவ்வாறிருக்க, மைத்துனருக்கு உறக்கமில்லை.

இறுதியில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் வண்டிகளைத் திருத்தி, இப்போது ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கும் முதியவர் ஒருவரை அழைத்துவந்தார். ஊரவர் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். வந்தவர் வண்டிக்கு அடியிற் குனியவுமில்லை, ஸ்பனரைத் தொடவுமில்லை. முற்றத்துக் கதிரையில் அமர்ந்து வினாக்களைத் தொடுக்கத் தொடங்கினார்.

"தம்பி, சத்தம் நேர்ப்பாதையிற் கேட்கிறதா, வளைவிலா? பிரேக் பிடிக்கும்போது ஒருமுறை கேட்கிறதா, பலமுறையா? வண்டி புறப்படும்போது கேட்கிறதா? மழையில் நனைந்த பின்னரும் கேட்கிறதா?"

மைத்துனர் பாதி வினாக்களுக்கு விடையின்றி விழித்தார். நாம் மாணவர்க்கு அளவை நூல் கற்பிக்கையில், மலையிற் புகை கண்டு அங்கே நெருப்புண்டெனத் துணிதலை உதாரணமாகக் கூறுவது வழக்கம். புகையைக் கண்டமாத்திரத்தே நீர்க்குடத்தோடு ஓடிய கராஜ்காரரையும், அது புகையா பனியா என்று முதலிற் கேட்ட இப்பெரியவரையும் ஒப்புநோக்கி உள்ளூர வியந்தோம்.

அடுத்து அவர் செய்தது எமக்கு நகைப்பை விளைத்தது. இருக்கைக்குக் கீழிருந்த ஜக், சில்லுக் கழற்றும் சாவி, மண்வெட்டி, இழுவைச் சங்கிலி அனைத்தையும் வெளியே எடுத்து முற்றத்திற் பரப்பச் சொன்னார். பின்னர் வண்டியை ஒருமுறை ஒழுங்கை வரை ஓட்டி வந்தோம். 'கடகட' என்ற சிறு ஒலிகளுள் ஒன்று அடியோடு மறைந்துவிட்டது! அது வண்டியின் குற்றமன்று, ஜக்கின் குற்றம். பெரிய 'கடக்' மட்டும் அப்படியே இருந்தது.

இவ்விடத்தில், வண்டியின் அடியில் இருப்பவை யாவை என்பதனை வாசகர்க்குச் சிறிது விளக்கவேண்டும். எஃகுத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வில்லைப்போல் வளைத்து வண்டியைத் தாங்கச் செய்யும் முறை குதிரை வண்டிக் காலத்தது. இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பார் 1804ஆம் ஆண்டில் இத்தகைய விற்களின்மேல் வண்டியை அமைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்ட லாண்ட் றோவரும் நான்கு பக்கமும் இத்தகைய விற்களிலேயே நின்றது. சுருள்வில் பின்னரே வந்தது. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் றோவரிலும், 1983இல் வெளிவந்த நீண்ட லாண்ட் றோவரிலும் அதனைக் காணலாம். மைத்துனரின் வண்டி பழைய வகையைச் சேர்ந்தது.

வில்லின் ஒருமுனை சேசியிற் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை 'சக்கிள்' எனப்படும் ஊசலாடும் இணைப்பிலே தொங்கும். பாரத்தால் வளைவு நிமிரும்போது வில் நீளுமாதலால், அந்நீட்சிக்கு இடங்கொடுக்கவே இவ்வூசல். இரு முனைகளிலும் இரும்பு இரும்போடு உராயாதவாறு றப்பர் புஸ்கள் இருக்கும். நடுவில், சில்லுகளைத் தாங்கும் அச்சை 'யூ' வடிவப் போல்ட்டுகள் வில்லோடு இறுகக் கட்டியிருக்கும். சொக் அப்சோபரோ வண்டியைத் தாங்குவதன்று. வில்லின் துள்ளலை அடக்குவது. உள்ளேயுள்ள எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்குண்டு செல்ல, துள்ளலின் வலு வெப்பமாக மாறி அழிகின்றது. இதனை அறியாமையே மைத்துனரின் பணம் வீணாயினமைக்குக் காரணம்.

இனி, பாஸ் அவர்கள் வாயிலாக நாம் கற்ற ஒலி இலக்கணத்தைக் கூறுவோம்.

மெல்ல ஏறி இறங்கும்போது 'கீச்' எனக் கேட்பது உலர்ந்த புஸ்ஸினாலோ, துருப்பிடித்த விற்றகடுகள் ஒன்றோடொன்று தேய்வதாலோ எழுவது. சந்தேகமுள்ள இடத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். ஒலி சற்று நேரம் அடங்குமாயின் இடம் அதுவே. பலரும் உடனே அங்கே எண்ணெய் ஊற்றிவிடுவர். அது பெரும் பிழை. என்ஜின் எண்ணெயும் கிறீஸும் றப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் சக்கிள்களுக்குக் கிறீஸ் இடுவது முறையே. அவை இரும்புப் புரியில் ஆடுபவை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகின்றது.

சரளைப் பாதையிலே விடாது 'கடகட'வென அதிர்வது பெரும்பாலும் சொக் அப்சோபரின் முனைப் புஸ் தேய்ந்ததனாலோ, விற்றகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்வி தளர்ந்ததனாலோ ஆகும். பள்ளத்தில் விழும்போது 'தொம்' என ஒரே அடியாக இடித்தால், வில் தன் எல்லைவரை நெருங்கி, அச்சு மேலேயுள்ள றப்பர்க் கட்டையில் மோதுகிறது என்று கொள்ளலாம். இதற்கு மிகுபாரமோ, தளர்ந்த வில்லோ, செத்த சொக் அப்சோபரோ காரணமாகும். வேகத்துக்கேற்பக் கூடிக்குறையும் 'ஊம்' என்ற ஒலி இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. சில்லின் பெயாரிங்கைப் பார்க்கவேண்டும்.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டுத் துள்ளலை எண்ணும் சோதனையைப் பலர் அறிவர். சிறு கார்களுக்கு அது பயன்படலாம். விறைத்த வில்லுடைய ஜீப்பை அழுத்த முயன்ற எமக்கு முதுகு வலித்ததே கண்ட பலன்.

சுருள்வில் வண்டிகளின் கதை சிறிது வேறு. அச்சு பக்கவாட்டில் நழுவாதிருக்க 'பனார்ட் றொட்' எனும் குறுக்குத் தண்டு ஒன்று சேசியோடு அதனைப் பிணைத்திருக்கும். அதன் புஸ் தேய்ந்தால் வளைவிலும் ஸ்ரியரிங் திருப்பும்போதும் 'டக்' எனக் கேட்கும். வண்டி நிற்கையில் ஒருவர் ஸ்ரியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றவர் அத்தண்டின் முனையிற் கைவைத்தால், காதுக்குப் புலப்படாத ஆட்டமும் விரலுக்குப் புலப்படும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஒலி பிறக்கும் இடமும் கேட்கும் இடமும் வேறு. சேசி நீண்ட இரும்பாதலால், பின்னாற் பிறந்த ஒலி சாரதியின் காலடியிற் கேட்கும். ஆகவே, பாஸ் காதை நம்பாது கண்ணையே நம்பினார். தளர்ந்த இணைப்பைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருக்கும்; அல்லது சேற்றின் நடுவே இரும்பு தேய்ந்து பளிச்சிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, டோர்ச்சுடன் அடியில் ஊர்ந்தார். ஜக்கினால் மட்டும் தூக்கிய வண்டியின் கீழ் எக்காரணங்கொண்டும் நுழையலாகாதென எமக்கு இருமுறை எச்சரித்தார். முதலில் நடுத்தண்டின் யூனிவர்சல் ஜொயின்ற்றைக் கையாற் பிடித்துத் திருகிப் பார்த்தார். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது எழும் 'டங்' என்ற ஒலிக்கு அதுவே பெரும்பாலும் காரணமாம். அதில் ஆட்டமில்லை.

பின்னர் எம்மை நோக்கி, "மாஸ்ரர், உங்களிடம் வெண்கட்டி இருக்குமே?" என்றார். ஆசிரியரிடம் வேறென்ன இருக்கும்! நால்வகை இணைப்புகளிலும், அச்சும் வில்லும் பொருந்துமிடத்தை ஊடறுத்து ஒரு நேர்கோடு கீறினார். மைத்துனர் ஒழுங்கையில் நாலைந்து முறை ஓட்டிப் பிரேக் பிடித்து வந்தார். மூன்று கோடுகள் கீறியபடி இருந்தன. இடப்பக்கப் பின்னச்சின் கோடு மட்டும் இரண்டாக முறிந்து, ஒருபாதி விலகி நின்றது.

அடுத்து ஒரு கயிறெடுத்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இருபக்கமும் அளந்தார். இடப்பக்கம் பெருவிரலளவு குறைவாக இருந்தது. யூ போல்ட்டுகளைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. விற்றகடுகளை ஊடுருவி அச்சை இடத்தில் நிறுத்தும் நடுப்போல்ட் முறிந்து இரு துண்டாகக் கிடந்தது. தளர்ந்த யூ போல்ட்டுகளின் பிடிப்பொன்றிலேயே பின்னச்சின் அப்பக்கம் தங்கியிருந்திருக்கிறது. பிரேக் பிடிக்குந்தோறும் அது நகர்ந்து 'கடக்' என்றது. அணைக்கட்டின்மேற் பிள்ளைகளோடு செல்லும்போது அப்பிடிப்பும் விட்டிருந்தால் வண்டி எப்பக்கம் திரும்பியிருக்கும் என்பதை நினைத்து மைத்துனர் திண்ணையில் அமர்ந்துவிட்டார். அவர் மனைவி தேநீரோடு வந்தவர், முறிந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து ஒன்றும் பேசாது உள்ளே சென்றார்.

புதிய நடுப்போல்ட்டும் நான்கு யூ போல்ட்டுகளும் வாங்கிய செலவு, ஒரு சொக் அப்சோபரின் விலைக்கும் குறைவே. பழைய யூ போல்ட்டுகள் இழுபட்டு நீண்டிருக்குமாதலால் அவற்றை மீண்டும் பூட்டலாகாதாம். அத்தோடு தேய்ந்திருந்த சக்கிள் புஸ் இரண்டையும் மாற்றினார். இதிலும் ஒரு நுட்பமுண்டு. வண்டியைத் தூக்கிய நிலையிற் சக்கிள் போல்ட்டுகளை இறுக்கினால், நிலத்தில் இறக்கியதும் றப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். நான்கு சில்லும் நிலத்தில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நின்ற பின்னரே இறுதி முறுக்கு. சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டுமென்று நாட்காட்டியிற் குறித்துவைக்கச் சொன்னார். மைத்துனர் மகள் அதைச் சிவப்பு மையால் எழுதி வைத்தாள்.

தைமாதம் பாடசாலை திறந்த அன்று காலை மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகள் ஏறிவிட்டார்களாம். 'கடக்' இல்லையாம், முன்பக்கத்தில் ஒரு சிறு 'கீச்' மட்டும் கேட்கிறதாம்.

"ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம்.

"ஊற்றினேன் மச்சான், அடங்கிவிட்டது. பின்னேரம் வந்து புஸ்ஸைப் பார்க்கிறேன்," என்றார்.