பருவத்திற்கேற்ற மேனிப் பராமரிப்பு



திண்டுக்கல் வட்டாரத்தில் வாழ்வோர் ஆடிக் காற்றை நன்கு அறிவர். வானத்தில் மேகம் ஓடும், மழை இராது, புழுதி மட்டும் பறக்கும். நான் பள்ளியில் பணியாற்றிய நாளில், அம்மாதத்தில் வகுப்பினுள் நுழைந்ததும் முன்வரிசைச் சிறுவர்களின் கால்கள் என் கண்ணில் படும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் சொறிந்த வெண்ணிறக் கோடுகள் வரிவரியாய் இருக்கும். அதே கால்கள் கார்த்திகையில் வேறுவிதமாய்த் துன்புறும். விரலிடுக்கில் சேற்றுப்புண் காணும். ஒரே தோல், ஒரே ஊர். ஆயினும் பருவந்தோறும் துன்பம் வேறுபடுகிறது. அது ஏன்? அதற்கு நாம் செய்யத்தக்கது யாது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

நம் ஊர் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய்ப் பசை ஊட்டுவது அத்தொழிலில் ஒரு படி. ஊட்டாவிட்டால் தோல் காய்ந்து விறைத்துவிடும். உயிருள்ள நம் தோலோ தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே சுரந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. வறண்ட காற்றும், மிகு வெந்நீரும், அளவுக்கு மீறிய சோப்பும் அக்காப்பைக் குலைக்கின்றன. ஈரக் காற்றிலோ வியர்வை உலராமல் தங்கிக் காளான் கிருமிகளுக்கு இடமளிக்கிறது.

இவ்வுண்மையை நம் முன்னோர் தம் மொழியில் கூறினர். வறட்சியை வாதத்தின் குணம் என்றும், வெம்மையைப் பித்தத்தின் குணம் என்றும், குளிர்ந்த பிசுபிசுப்பைக் கபத்தின் குணம் என்றும் ஆயுர்வேதம் வகுத்தது. எது மிகுகிறதோ அதற்கு எதிரான குணமுடையதைக் கொள்க என்பது அதன் பொது விதி. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் ஆறாம் அத்தியாயம் ஆறு பருவங்களுக்கும் உரிய ஒழுக்கத்தை விரித்துரைக்கிறது. முன்பனியாகிய ஏமந்தத்தில் எண்ணெய் தேய்த்து வெந்நீராடுக. வசந்தத்தில் பொடி தேய்த்துக் கொள்க. கோடையில் சந்தனம் பூசுக என்று அது கூறும்.

இங்கேதான் மாணவர்கள் விழிப்பாய் இருத்தல் வேண்டும். அந்நூலின் பருவக் கணக்கு வட நாட்டிற்குப் பொருந்துவது. ஏறத்தாழ மார்ச்சு நடுவிலிருந்து மே நடுவரை அங்கு வசந்தம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காலம். அதன்பின் நவம்பர் நடுவரை, மழை ஓய்ந்து வெயில் சுடும் சரத் காலம். நம் ஊரிலோ ஏப்ரலிலேயே வெயில் கொளுத்துகிறது. தென்மேற்குப் பருவக் காற்று மலைகளின் மேற்குச் சரிவில் தன் மழையைப் பெரும்பாலும் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் நம்மிடம் இறங்குகிறது. நமக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக் காற்று. நூல் சரத் காலம் என்னும் ஐப்பசியில் நாம் குடை பிடிக்கிறோம்!

அவ்வாறாயின் நூல் பிழையோ? அன்று. நிலத்தையும் நோக்குக என்று அந்நூல்களே சொல்கின்றன. வறண்ட நிலத்தைச் ‘சாங்கலம்’ என்றும், நீர்வளம் மிக்க நிலத்தை ‘ஆனூபம்’ என்றும், இரண்டும் கலந்ததைச் ‘சாதாரணம்’ என்றும் பிரித்தன. சாங்கலத்தில் வாதமும் பித்தமும் மிகும் என்றன. ஆகவே மாதத்தின் பெயரைப் பாராமல், நம் வானத்தையும் காற்றையும் பார்த்தே அவ்விதிகளைக் கையாள வேண்டும்.

அவ்வாறு நோக்கின், பங்குனி முதல் வைகாசி வரை நமக்கு வெம்மையின் காலம். மெல்லிய பருத்தியாடை, இருவேளைக் குளிர்நீராடல், நிழல், போதிய குடிநீர் ஆகியவை வேண்டும். வியர்க்குருவின் மேல் கெட்டியான எண்ணெயைப் பூசலாகாது. ஆனியும் ஆடியும் வறட்காற்றின் காலம். குளித்தவுடன் ஈரம் முற்றும் உலருமுன் கை கால்களில் சிறிது எண்ணெய் தடவுக. நலங்கு மாவையும் அளவாய்க் கொள்க. அதில் சேரும் ஆவாரம்பூவைத் தரும் செடியின் பட்டையால்தான் முன்னாளில் தோல் பதனிட்டனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். துவர்ப்பு, தோலை இறுக்கும். மார்கழியிலும் தையிலும் எண்ணெய் முழுக்கு நன்று. நீர் வெதுவெதுப்பாய் இருந்தால் போதும். முகப்பரு உள்ளோர் முகத்திற்கு மட்டும் எண்ணெயைத் தவிர்க்க. காய்ச்சலும் செரியாமையும் உள்ள நாளில் முழுக்கே வேண்டா.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் ஈரத்தின் காலம். அப்போது முதல் மருந்து உலர்ந்த துணியே. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துக. நனைந்த காலுறையை மீண்டும் அணியாதீர்.

ஒரு மழைக்காலத்தில் என் மாணவன் ஒருவன் வகுப்பில் நிலைகொள்ளாமல் நெளிந்து கொண்டிருந்தான். தனியே அழைத்து வினவினேன். தொடையில் படர்தாமரை. கூச்சத்தால் வீட்டில் சொல்லாமல், நண்பன் தந்த களிம்பை இரு மாதம் பூசியிருக்கிறான். முதலில் அரிப்பு அடங்கிற்று. பின்னர் இடுப்பு வரை பரவிற்று. அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று மருத்துவர் கண்டறிந்தார். அம்மருந்து சிவப்பையும் அரிப்பையும் அடக்கும்; கிருமியையோ தடையின்றி வளரவிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மைய அரசு 2018ஆம் ஆண்டில் விதித்தது. ஆயினும் முகம் வெளுக்கும் என நம்பி அவற்றைப் பூசி, தோல் மெலிந்து சிவந்து வருந்துவோர் இன்றும் உளர். வெளுப்பு வேறு, நலம் வேறு. கருமை நோயன்று, வெயில் மிக்க நாட்டில் அது இயற்கை அளித்த குடை. நோய் என்று தோன்றினால் மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி மருத்துவரை நாடுங்கள்.

இறுதியாக ஒன்று. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும், அடுத்ததன் முதல் ஏழு நாளும் சேர்ந்தது பருவச் சந்தி என்று அஷ்டாங்க ஹிருதயம் கூறுகிறது. பழைய வழக்கத்தைச் சிறிது சிறிதாய் விடுத்துப் புதியதைச் சிறிது சிறிதாய் மேற்கொள்ளல் வேண்டும் என்பது அதன் அறிவுரை. அடுத்த முறை காற்றுத் திசை மாறும்போது ஒரு குறிப்பேட்டை எடுங்கள். பதினான்கு நாள் வானம் எவ்வாறு இருந்தது, உங்கள் தோல் எவ்வாறு இருந்தது என்று எழுதி வாருங்கள். உங்கள் ஊருக்கும் உங்கள் உடலுக்கும் உரிய பருவ நூலின் முதல் ஏடு உங்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கும்.