இரண்டாம் வாசல் – 7: கோடு போடும் மேசைக்கு ஒரு வழி

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்குப் பக்கத்தில் பாயில் ஹைட்ஸ் என்றொரு பகுதி. 1939-ல் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு தயாரித்த வரைபடத்தில் அதற்குச் சிவப்பு பூசினார்கள். இங்கே கடன் கொடுத்தால் திரும்பாது என்று அதற்குப் பொருள். அதன் பிறகு, 1960-களுக்குள், அதே பகுதியைக் கூறுபோட்டுக்கொண்டு நெடுஞ்சாலைகள் வந்தன. கோடு போட்ட மேசையில் அங்கே குடியிருந்தவர்களுக்கு நாற்காலி இல்லை.

அந்த மேசைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு இன்று பக்கத்திலேயே, மான்டரி பார்க்கில், ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் இருக்கிறது. இப்படியொரு கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி நகரத் திட்டமிடல் பட்டம் வரை போவது எப்படி என்பதே இந்த வாரம்.

வழியைப் போட்டுவைத்தது 1960-ல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம். முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் போகலாம். மாநிலத்தில் குடியிருப்பவருக்குப் பாட அளவான ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 2,760 டாலர்தான். கட்டணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது காலத்தைப் பற்றித்தான்.

ஆகஸ்ட்டில் ஒரு பெண் சேருகிறாள் என்று வையுங்கள். இரண்டு வருடம் இருக்கிறதே, மெதுவாக யோசிக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதித் திட்டமான ‘டேக்’குக்கு அடுத்த வருடம் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொது விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில். அந்த நேரத்தில் அவள் கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண் மட்டுமே. முதல் செமஸ்டரில் எந்தப் பாடம் எடுத்தாள், கணக்கைத் தள்ளிப்போட்டாளா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ‘முதலில் சேரு, பிறகு பார்க்கலாம்’ என்ற அறிவுரைக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாவது வருடமும் அதே காலேஜில் உட்கார வைப்பது பல நேரம் அந்த அறிவுரைதான்.

ஆகவே பட்டத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பொமோனாவிலும் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலும் உள்ள கால் பாலி பல்கலைக்கழகங்கள் தருவது தொழிற்கல்வி. இரண்டின் இளநிலைப் பட்டமும் திட்டமிடல் அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது. பெர்க்லி, இர்வைன் போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் கிடைக்கும் அர்பன் ஸ்டடீஸ் சமூக அறிவியல் சார்ந்தது. இரண்டும் நல்ல படிப்பே. ஆனால் பின்னாளில் ஏ.ஐ.சி.பி. என்ற தொழிற்சான்று வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டத்துக்கு மூன்றாண்டு வேலை அனுபவம் போதும். மற்ற இளநிலைப் பட்டங்களுக்கு நான்காண்டு. மேலே முதுநிலை படிக்கும் எண்ணமிருந்தால் இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தாது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு உறுத்தும்.

‘டேக்’ உறுதி தரும் வளாகங்கள் ஆறு. இர்வைன் அதில் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும்.

அடுத்து ‘அசிஸ்ட்’ என்ற இணையதளம். உங்கள் காலேஜின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்பது அதில் துறைவாரியாக இருக்கிறது. புள்ளியியல், பொருளாதாரம், மானுடப் புவியியல், ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித்தகவல் முறை எனத் தேடுங்கள். சிக்கல் ஸ்டுடியோ வகுப்புகளில்தான் வரும். மாணவர்கள் ஒரு தெருவையோ வட்டாரத்தையோ எடுத்துக்கொண்டு அளந்து, வரைந்து, திட்டமாக்கும் வகுப்புகள் அவை. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். காலேஜில் ஈடான வகுப்பு இல்லாவிட்டால், 60 யூனிட்டோடு போனாலும் ஸ்டுடியோவை அடியிலிருந்து ஆரம்பிக்க நேரிடும். இரண்டு வருடம் மூன்றாக நீளும். இதைச் சேருவதற்கு முன்பே அந்தத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். காலேஜ் ஆலோசகர் நூறு துறைகளைப் பார்ப்பவர். இந்த நுணுக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு வகுப்பறைக்குக் கட்டணமே கிடையாது. நகரத் திட்டக் குழுவின் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. 1953-ன் பிரவுன் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், எழுந்து பேசலாம். எத்தனை மாடி, எத்தனை கார் நிறுத்துமிடம், மரத்தை வெட்டலாமா என்று அங்கே மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பேசுபவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் குறைவு. இரண்டு பஸ் மாறிக் காலேஜுக்கு வரும் மாணவி ஒரு மாலை அங்கே போய் உட்கார்ந்தால், நகரம் யாருடைய குரலில் தீர்மானமாகிறது என்று கண்ணெதிரே பார்ப்பாள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில், மாறி வருபவர்கள் எல்லோரும் எழுதியாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் துறைக்கு உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய் என்பது. எழுத அவளிடம் விஷயம் இருக்கும்.

அடுத்த வாரம்: உதவித்தொகைப் படிவங்கள்.