சங்கிலியும் சிட்டமும்

பரங்கிமலையை அறியாத அங்கத்தினர் நம்மிடையே இரார். இந்திய நாட்டின் பெரும் முக்கோண நிலஅளவை அம்மலையருகே தொடங்கிற்று என்பதைச் சிலரே அறிவர். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்கலானார். நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். கருவியோ 100 அடி எஃகுச் சங்கிலி. அதனை 400 முறை இட வேண்டியிருந்தது. வேலை பல வாரங்கள் நீடித்தது.

இவ்வளவு நாள் ஏன்? எஃகு வெயிலில் நீளும். வெப்பம் ஒரு பாரன்ஹீட் பாகை ஏறினால் அச்சங்கிலி சுமார் 0.0075 அங்குலம் நீளும். சொற்பமே எனலாம், 400 முறையில் அது மூன்று அங்குலமாகிவிடும். சித்திரை வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் வேறுபாடு ஒரு பாகைதானா? ஆகவே சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்து, அளவுகள் அனைத்தையும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்தினர். அடி என்று மட்டும் எழுதினால் போதவில்லை; எந்த வெப்பத்தில் அளந்த அடி என்பதும் வேண்டியிருந்தது.

நமது நூல் கணக்கும் இத்தகையதே. 40-ஆம் நம்பர் பருத்தி நூல் என்றால், ஒரு ராத்தல் எடையில் 840 கஜச் சிட்டங்கள் 40 என்பது பொருள். மெட்ரிக் முறைக்கு 1956-இல் சட்டம் இயற்றியும், நூல் நம்பர் ராத்தலையும் கஜத்தையும் கைவிடவில்லை. நூலோ கிலோவில் வருகிறது. 40-ஐ 840-ஆல் பெருக்கி, வந்த 33,600-ஐக் கிலோவுக்கு மீட்டர் என்று எழுதிவிடும் கணக்குகளை நாம் தணிக்கையில் கண்டதுண்டு. அது ராத்தலுக்குக் கஜம். 0.9144-ஆல் பெருக்கி 0.4536-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 67,700 மீட்டர் வரும்; ஏறக்குறைய இரட்டிப்பு! 50 கிலோ போதுமான பாவுக்கு 100 கிலோ வாங்கிச் சங்கத்தின் பணம் கிடங்கில் முடங்கும். நெசவாளர் ஒப்படைக்க வேண்டிய துணியும் பாதியாகவே கணக்கில் ஏறும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதி, மேலும் கீழும் ஒத்தவற்றை அடித்துக்கொண்டே வருக. இறுதியில் மீட்டரும் கிலோவும் அன்றி வேறு மிஞ்சினால் எங்கோ பிழை உண்டு. 1999-இல் செவ்வாயை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு சாரார் ராத்தல் விசையிலும் மறுசாரார் நியூட்டனிலும் கணக்கிட்டமையால் அழிந்தது. நமது கணக்கர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பயிரிடும் அங்கத்தினரும் ஹெக்டேருக்குரிய உரத்தை ஏக்கருக்கு இட்டால் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும்.

சங்கிலிக்கு வெப்பம் போல நூலுக்கு ஈரம். பருத்தி நூலின் உலர்ந்த எடைமேல் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் வாணிபத்தில் ஏற்கப்பட்டது. ஐப்பசி மழையில் நிறுத்த கட்டும் பங்குனியில் நிறுத்த கட்டும் ஒன்றல்ல. இருப்புப் பதிவேட்டில் எடையோடு நிறுத்த நாளையும் குறித்து வைத்தால், தணிக்கைக்கு வரும் எம்மைப் போன்றோர் வினவும் வினாக்களில் பாதி குறையும்.