"சரக்கு இல்லை!" - காரணம் என்ன?

"பருப்பு இல்லை. அடுத்த வாரம் வாம்மா!"

ரேஷன் கடையில் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கூலி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அன்றைய கூலி போயிற்று. பையும் காலி; நாளும் காலி!

உடனே, "கடைக்காரர் பதுக்கி விட்டார்" என்பார்கள். சில இடங்களில் அப்படியும் நடக்கலாம். ஆனால், எப்போதும் அதுவே காரணம் அல்ல. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

சரக்கு வந்ததா?

இதுதான் முதல் கேள்வி.

2024-ம் ஆண்டு மே மாதம். தமிழ்நாட்டில் பல ரேஷன் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைக்கவில்லை. பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் இந்த விலைக்குக் கிடைக்குமா? ஏழைகள் தவித்தார்கள்.

அப்போது பாராளுமன்றத் தேர்தல் நேரம். தேர்தல் விதிகளால் கொள்முதல் தாமதமாயிற்று என்று அரசு கூறியது. மே மாதப் பங்கை ஜூன் மாதம் வாங்கிக் கொள்ளலாம் என்று அறிவித்தது.

கடைக்காரரைத் திட்டி என்ன பயன்? தடை இருந்த இடம் வேறு!

வந்தது போதுமா?

ஒரு கடையில் 500 கார்டுகள். கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு. வந்ததோ 400 கிலோ. முதலில் வந்த 400 பேருக்குக் கிடைக்கும். 401-வது ஆள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இங்கே திருட்டு இல்லை, ஒதுக்கீடுதான் குறைவு.

ராகியின் கதை

தர்மபுரிக்காரர்களுக்குக் களி என்றால் உயிர். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் 2023-ல் வந்தது. இதற்காக விவசாயிகளிடம் நேரடியாக ராகி வாங்கப்பட்டது.

2023-24-ல் ராகிக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். வியாபாரி இதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் விவசாயி யாரிடம் விற்பார்? மழை பொய்த்தால் விற்பதற்கு ராகி ஏது? காட்டில் குறைந்தால் கடையிலும் குறையும்!

கணக்கு சரியா?

ரசீது போடும் மிஷின் 40 கிலோ இருப்பு என்கிறது. மூட்டையிலோ 25 கிலோ. மீதி 15 கிலோ எங்கே? எடை குறைந்து வந்ததா? சிந்தியதா? எலி தின்றதா? வெளியே போனதா? மூட்டையை இறக்கும்போதே எடை போட்டால் முதல் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மளிகைக் கடைக்கு ஒரு கணக்கு

உங்கள் கடையில் தினம் 10 கிலோ சர்க்கரை விற்கிறது. சொல்லி அனுப்பினால் வர 6 நாள் ஆகும். அந்த 6 நாளைக்கு 60 கிலோ வேண்டும். லாரி தாமதமானால்? திருவிழா வந்தால்? அதற்கு 20 கிலோ. ஆகவே, 80 கிலோ இருக்கும்போதே சொல்லி விடுங்கள்.

மாவு தீர்ந்த பிறகு ராகி அரைக்கப் போனால் ராத்திரிக்குக் களி ஏது?

தாய்மார்களே!

ரேஷன் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். சரக்கு எப்போது வந்தது? எவ்வளவு வந்தது? எப்போது தீர்ந்தது? பதில் சரியில்லை என்றால் 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

"இல்லை" என்றதும் திரும்பி விடாதீர்கள். "ஏன் இல்லை?" என்று கேளுங்கள்!