நெஞ்சின் கடிவாளம்

உளத்துயர் மிகும்போது நெஞ்சு படபடக்கிறது. படபடப்பு ஓய்ந்தால் அமைதி வந்துவிட்டது என்கிறோம். அமைதி என்பது ஒன்றும் நிகழாத வெறுநிலை என்னும் எண்ணம் இப்பேச்சில் மறைந்திருக்கிறது. உடலியல் அதை ஏற்பதில்லை.

இதயத்தின் வலப்புற மேலறையில், துடிப்பைத் தானே எழுப்பும் சிறு திசு ஒன்று உண்டு. நரம்புகள் தலையிடாவிட்டால் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கச் செய்யும். மாற்று இதயம் பொருத்தப்பெற்றோரிடம் இதைக் காணலாம். அறுவையில் நரம்புத் தொடர்பு அறுபடுவதால், ஓய்ந்து கிடக்கும்போதும் அவர்தம் நாடி 90க்கும் 110க்கும் இடையே ஓடுகிறது. நம்முள் பலருக்கோ அமர்ந்திருக்கையில் 70 அளவே. மிகுதியைக் குறைப்பது மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து இறங்கிவரும் வேகசு நரம்பு. ஆக, அமைதி என்பது உடல் இடையறாது இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம். துயரோ அச்சமோ தாக்கிய நொடியில் அக்கடிவாளம் தளர்கிறது. அட்ரினலின் குருதியில் பரவுவது அதன் பின்னரே.

வேகசு நரம்பின் செயல்முறையை 1921இல் ஆட்டோ லூவி தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். ஓர் இதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அதைச் சூழ்ந்த நீர்மத்தை எடுத்து மற்றோர் இதயத்தின்மேல் விட, அதுவும் தணிந்தது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது தெளிவாயிற்று. 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிட்டியது. ஆய்வுமுறை கனவில் தோன்றியது என்று லூவி சொல்வதுண்டு. கனவைப் பற்றி எனக்குச் சிறிது ஐயம். ஆய்வைப் பற்றி இல்லை.

இதயத்தை நோக்கி 'அடங்கு' என்றால் அது கேளாது. மூச்சோ நம் சொல்லுக்குக் கட்டுப்படும். மூச்சை உள்ளிழுக்கும்போது வேகசின் பிடி தளர்ந்து நாடி சற்றே விரைகிறது. வெளிவிடும்போது பிடி இறுகி நாடி தணிகிறது. வெளிமூச்சை நீட்டினால் தணியும் நேரமும் நீள்கிறது. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் அளவில், குருதி அழுத்தத்தைச் சீராக்கும் அலையும் மூச்சின் அலையும் ஒத்திசைகின்றன. இத்தாலியரான லுசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் செபமாலையும் 'ஓம் மணி பத்மே' எனத் தொடங்கும் மந்திரமும் ஓதுவோரின் மூச்சை ஏறத்தாழ அந்த ஆறுக்கே கொண்டுசென்றன. பண்ணோடு தேவாரம் பாடுவோரையும் யாரேனும் அளந்து பார்த்தல் வேண்டும் என்பது என் விழைவு.

சிங்கப்பூரின் கிளமெண்டியில் வாழ்வோர்க்கு இன்னொரு வழியும் காலடியில் கிடக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015இல், 90 நிமிடம் பசுமைவெளியில் நடந்தோர்க்கு ஒரே கவலையை மீளமீள அசைபோடும் போக்கும், அதனோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயலும் குறைந்ததைக் கண்டனர். ஊர்திகள் நெரியும் சாலையோரம் அதே நேரம் நடந்தோர்க்கு அப்பயன் விளையவில்லை. கிளமெண்டியில் இரண்டும் அருகருகே உண்டு: பெருவிரைவு இரயில் மேலே ஓடும் காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட் ஒருபுறம், உலு பாண்டான் ஆற்றோர நடைபாதை மறுபுறம். பழைய ஜூரோங் தொடர்வண்டித் தடத்தின் இரும்புப் பாலம் அவ்வாற்றின் மேல் இன்றும் நிற்கிறது. மன உளைச்சலோடு இறங்கி நடப்பவர் ஆற்றுப் பக்கம் திரும்புவதற்கு ஆய்வுச் சான்று உண்டு.

ஆயினும் மூச்சுப்பயிற்சியை எல்லாம் தீர்க்கும் மருந்தென விற்போரிடம் விலகியே இருத்தல் நன்று. நீண்ட வெளிமூச்சு அந்நேரத்துப் படபடப்பைத் தணிக்கும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வே வேண்டாம் எனத் தோன்றும் நிலையை அது மட்டும் மாற்றாது. அந்நிலையில் வேண்டுவது மருத்துவரும் பேச்சுத்துணையும். சிங்கப்பூரில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்னும் எண்ணும், 2025இல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771உம் இரவு பகல் எந்நேரமும் அழைக்கத் தக்கவை.