ஐப்பசியில் தொடங்கும் வசந்தம்

பூந்தோட்டம் வைக்கும் ஆசை நம்மில் பலருக்கு நுவரெலியாவில்தான் பிறக்கிறது. ஏப்ரல் விடுமுறையில் அங்கே போனால் ஊர் முழுக்கப் பூவாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்த கன்றுகளை வாங்கி வந்து, உவர்மலையிலோ நிலாவெளியிலோ நடுகிறோம். வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கியதும் அவை கருகிப்போகின்றன. நட்டவரின் கையில் பிழையில்லை, கன்றிலும் பிழையில்லை. திருகோணமலைத் துறைமுகக் கரைக்கு வசந்தம் சித்திரையில் வருவதில்லை, ஐப்பசியில் வருகிறது.

இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் தை வரையான மாரியில் கொட்டிவிடும். அதற்கு முந்திய மாதங்களில் மணல் வெந்து கிடக்கும். வேலியோரத்தில் ஒரு செடி இருந்த அடையாளமே தெரியாது. முதல் பெருமழை பெய்து சில நாட்களில் அதே மணலைப் பிளந்து முளை நிமிர்கிறது. கார்த்திகை பிறக்கும்போது சீமைக்கிளுவை வேலியின் மேலே தீச்சுடர் நிறத்தில் கார்த்திகைப் பூ விரிந்து நிற்கிறது. விதையிலிருந்து வரும் செடி முதலில் வேர்விட்டு, இலைவிட்டு, வெயிலில் உணவு செய்து, பிறகுதான் பூவைப் பற்றி நினைக்க முடியும். கார்த்திகைப் பூவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. போன மாரியில் இலைகள் செய்த மாப்பொருள் முழுவதும், போன போகத்து நெல்லை மூட்டைகட்டி வைத்த வீடுபோல, கிழங்கில் தயாராக இருக்கிறது. முந்திப் பூக்கும் பல்லாண்டுச் செடிகள் பலவற்றின் இரகசியம் இதுதான்: இந்த ஆண்டுப் பூவுக்கான உணவு போன ஆண்டே சமைக்கப்பட்டுவிட்டது.

உணவு இருக்கிறது, புறப்படும் நேரத்தை யார் சொல்கிறார்கள்? ஐரோப்பாவில் குளிர் சொல்கிறது. துலிப் குமிழுக்கு மூன்று மாதமளவு குளிர் கிடைக்காவிட்டால் அது ஒழுங்காகப் பூக்காது. திருகோணமலையிலோ மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் இடையே சராசரியாக நாலைந்து பாகை செல்சியஸ்தான் வித்தியாசம். ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் ஒரு மணி நேரமளவே வேறுபடுகின்றன. இங்கே பலமாகக் கேட்கும் குரல் தண்ணீருடையது. அதிலும் வியப்பு என்னவென்றால், தண்ணீர் வருவது மட்டும் போதாது. அதற்கு முன் அது இல்லாமல் இருந்திருக்க வேண்டும். கோப்பிச் செடியில் இதைக் காட்டியவர் பிரேசில் நாட்டுத் தாவரவியலாளர் பாவுலோ அல்விம். விடாமல் நீர் பாய்ச்சிய செடியில் மொட்டுகள் உறங்கியே கிடந்தன. வாடவிட்டு நீர் கொடுத்த செடியில் அவை விழித்து மலர்ந்தன. 1960இல் அவர் இதை வெளியிட்டார். மழை லில்லி வளர்ப்பவர்கள் இதையே தொட்டியில் பார்த்திருப்பார்கள்: சில வாரம் காயவிட்டு நன்றாக நனைத்தால் பூந்தண்டு எழும்பும். துலிப்புக்குப் பனிக்காலம் எப்படியோ, நம் செடிகளுக்குக் கோடை அப்படி. அதைப் பகையாக நினைத்து, செடி மறைந்த இடத்தில் ஆடி மாதம் முழுக்கத் தண்ணீர் வார்ப்பவர்கள் கிழங்கை அழுகவைக்கிறார்கள்.

ஆகவே தெரிவு கார்த்திகைப் பூவில் தொடங்கட்டும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் முதலாவதாக நிற்கும் செங்காந்தள் இதுவே. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடிக்கிறது. இதழ்கள் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, மேல்நோக்கி மடிந்து, நாளாக ஆகச் சிவக்கின்றன. மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் அகல நீண்டிருக்கும். தென்னாபிரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள், தேன் தேடும் வண்ணத்துப்பூச்சியின் இறகில் மகரந்தம் ஒட்டிப் போவதைக் கண்டார்கள். நிலத்தடியில் ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு வற்றிப் புதியது உருவாகிறது. கவை வடிவான அந்தக் கிழங்கில் முளைக்கண் நுனியில் மட்டுமே உண்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. காட்டில் கிண்டி எடுக்காதீர்கள். ஏற்கனவே வைத்திருக்கும் வீட்டில் கேட்டு வாங்கலாம், விதை போட்டுச் சில ஆண்டு பொறுத்தும் இருக்கலாம்.

கடலுக்கு நேரே வளவு உள்ளவர்களுக்கு விஷமூங்கில் பொருத்தம். உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும். அதன் பெரிய விதைகள் கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைப்பவை. வெண்பூ இரவில் மணக்கும். நடைபாதை ஓரத்துக்கு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த மழை லில்லி போதும், பராமரிப்பே வேண்டாம். சித்திரையில் பூக்கும் கொன்றைக்கும் வேம்புக்கும் இடமிருந்தால் வையுங்கள், ஆனால் அவை மரங்கள், வேறு கணக்கு.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி நல்லது. நான்கு விரல் ஆழம், கொஞ்சம் மக்கிய மாட்டெரு, தண்ணீர் தேங்காத இடம். பிறகு மழை பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கார்த்திகைப் பூ, விஷமூங்கில், மழை லில்லி மூன்றின் கிழங்கிலும் குமிழிலும் நஞ்சு உண்டு. கார்த்திகைக் கிழங்கில் உள்ள கொல்சிசின் உயிரைக் கொல்லும். வற்றாளங்கிழங்கு என்று எண்ணி அதைத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். கோடையில் செடி மறைந்துவிடுவதால் ஆபத்து கூடுகிறது. நட்ட இடத்தில் ஒரு குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும், வளவு கொத்த வருபவருக்கும் அது என்ன கிழங்கு என்று சொல்லிவையுங்கள்.