கையேட்டைக் கேட்ட அம்மாக்கள்

1967, 1968-ம் ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் கைமாறிக்கொண்டிருந்தது. கட்டில், மெத்தை, குளிர்காலக் கோட்டு, பூட்ஸ், சமையல் பாத்திரம் என்று வரிசையாகப் பொருள்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கட்டம். வீட்டில் எது இல்லையோ அதற்கு ஒரு டிக் போட வேண்டும். பிறகு எல்லோரும் கூட்டமாக, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று நலத்துறை அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாள்களை மேசையில் வைப்பார்கள்.

அந்தப் பட்டியல் அவர்களாக எழுதியதல்ல. உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தனியாகப் பணம் தரலாம் என்று நலத்துறையின் விதிக் கையேட்டிலேயே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதை இந்தப் பக்கம் சொல்லாமலே காலம் ஓட்டினார்கள். கையேடு பெண்களின் கைக்கு வந்ததும் கதை மாறியது.

அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை 1935-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. தகப்பன் இறந்துவிட்ட, விட்டுப் போன, அல்லது உழைக்க முடியாமல் கிடக்கும் வீடுகளுக்கு மாதாமாதம் காசோலை. பணத்தில் ஒரு பங்கு வாஷிங்டனுடையது. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பது பெருமளவு மாநிலத்தின் கையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலையை மாநில அரசுகள் பார்த்தன. தெற்கு மாநிலங்களில் பருத்தி பறிக்கும் காலம் வந்தால் கறுப்பினப் பெண்களின் உதவித்தொகை நின்றுபோவதும் உண்டு. வயலுக்கு ஆள் வேண்டுமே!

எல்லாவற்றையும்விட தாய்மார்களைக் கூசவைத்தது ‘வீட்டில் ஆண்’ என்ற விதி. உதவித்தொகை வாங்கும் பெண்ணோடு ஓர் ஆணுக்குத் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தாலே அவன்தான் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியவன் என்று கணக்கெழுதிக் காசோலையை நிறுத்திவிடுவார்கள். தெரிந்துகொள்ளும் வழி, விடிவதற்குமுன் கதவைத் தட்டுவது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறையில் ஆண் செருப்பு தேடுவது. 1963-ல் கலிஃபோர்னியாவின் அலமேடா கவுன்டியில் இப்படியொரு திடீர்ச் சோதனைக்குப் போகமாட்டேன் என்ற சமூகநலப் பணியாளருக்கு வேலை போயிற்று. அவர் வழக்கு நடத்தி, 1967-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

அதே 1963-ல், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், நிக்கர்சன் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் ஜானி டில்மன் உடம்புக்கு முடியாமல் படுத்தார். ஆர்கன்சாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளின் தாய். சலவைக்கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவர், அங்கே தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்தவர். அரசுக் காசில் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அவருக்கும் அதுவரை நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. தன் பெயரில் காசோலை வரத் தொடங்கிய பிறகுதான், நலத்துறை ஆள் வீட்டுக்குள் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்ன அனுபவம் என்று தெரிந்தது. குடியிருப்பில் இருந்த மற்ற தாய்மார்களைச் சேர்த்தார். சங்கத்தின் பெயரிலேயே ‘பெயரில்லாத அம்மாக்கள்’ என்று வைத்துக்கொண்டார்கள். குத்தலான பெயர்தான்.

இப்படி ஊருக்கு ஊர் முளைத்தவற்றை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தவர் ஜார்ஜ் வைலி. வேதியியல் பேராசிரியர், சிரக்கியூஸ் பல்கலைக்கழக வேலையை விட்டுக் குடிமை உரிமைப் போராட்டத்துக்கு வந்தவர். 1966 ஜூனில் ஓஹையோ மாநிலத் தாய்மார்கள் கிளீவ்லாந்திலிருந்து தலைநகர் கொலம்பஸுக்கு 155 மைல் நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த ஜூன் 30 அன்று மற்ற நகரங்களிலும் ஊர்வலம் நடக்கும்படி வைலி ஏற்பாடு செய்தார். 1967-ல் தேசிய நல உரிமை அமைப்பு பிறந்தது. டில்மன் அதன் தலைவர். உச்சத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் சந்தா கட்டினார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள்.

உதவித்தொகை, நிவாரணம் என்று நாம் சொல்லும் சொற்களில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே நிற்கிறார்கள். அமைப்பின் பெயரில் ‘உரிமை’ ஏறியது சும்மா இல்லை. நடைமுறையில் அதற்கு அர்த்தம் மிகச் சாதாரணமானது: அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதே. ஒருத்தி உள்ளே பேசும்போது இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாமவள் வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். மனு தள்ளுபடியானால் எந்த விதிப்படி என்று கேட்பார்கள், மேல்முறையீட்டுத் தாளைக் கேட்பார்கள். ஏற்கனவே விசாரணை நடத்தி ஜெயித்தவள் புதிதாக வந்தவளுக்குக் கூடப் போவாள். சட்டம் படித்தவர்கள் குறைவு; ஆனால் கையேட்டில் எங்கே என்ன இருக்கிறது என்பதில் இந்தப் பெண்களை மிஞ்ச ஆளில்லை.

மார்ட்டின் லூதர் கிங் இதைச் சிகாகோவில் நேரிலேயே கண்டார். 1968 பிப்ரவரியில், ஏழைகளின் பேரணிக்கு இந்தத் தாய்மார்களின் ஆதரவைக் கேட்க வந்திருந்தார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டில்மன் உட்கார்ந்திருந்தார். 90-248 எண் சட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று ஒரு பெண் கேட்டார். கிங்குக்குப் பிடிபடவில்லை. உதவித்தொகைக்கு உச்சவரம்பு கட்டி, தாய்மார்களை வேலைக்கு நெட்டித்தள்ள அப்போதுதான் வந்த சட்டம் அது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்களேன் என்றார் டில்மன். கிங் ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றார். நோபல் பரிசு வாங்கியவருக்கு அன்று வகுப்பு எடுத்தவர்கள் நலத்துறைக் காசோலையில் குடும்பம் நடத்தியவர்கள்.

நீதிமன்றமும் சில ஆண்டுகள் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அலபாமாவில் வாரம் 16 முதல் 20 டாலர் வரை சம்பாதித்து நான்கு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் வழக்கில், 1968 ஜூனில் உச்ச நீதிமன்றம் ‘வீட்டில் ஆண்’ விதியை ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. அந்த விதியால் அலபாமாவில் இரண்டரை ஆண்டுகளில் ஏறக்குறைய 16,000 பிள்ளைகள் பட்டியலிலிருந்து விழுந்திருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 1969-ல் போயிற்று. 1970 மார்ச்சில் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி தீர்ப்பு: உதவித்தொகையை நிறுத்துவதற்கு முன்பே நோட்டீஸ் கொடுத்து, வாங்குபவர் பேசக் காதுகொடுக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பது செல்லாது.

அந்தத் தீர்ப்பின் ருசி லாஸ் வேகஸில் தெரிந்தது. 1971 தொடக்கத்தில் நெவாடா அரசு, ஏமாற்றி வாங்குகிறார்கள் என்று சொல்லி மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களைப் பட்டியலிலிருந்து அடித்தது. பெண்களைத் திரட்டியவர் ரூபி டங்கன். லூசியானாவில் பருத்தி பறித்து வளர்ந்தவர், ஏழு பிள்ளைகளின் தாய், ஓட்டல் சமையலறையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து வேலையை இழந்தவர். மார்ச் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சூதாட்ட விடுதிகள் வரிசைகட்டிய சாலையில் நடந்து, சீசர்ஸ் பேலஸின் உள்ளேயே நுழைந்தார்கள். சீட்டாட்ட மேசைகள் நின்றன. மறு வாரம் சாலையிலேயே உட்கார்ந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், நிறுத்திய தொகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மத்திய நீதிபதி உத்தரவிட்டார். சட்டம் ஒரு பக்கம் சரிதான். சூதாட்டம் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஊரில் யார் யாருக்கு வலிக்கும் என்பதும் அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அவர்கள் செய்தது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மூடிக்கிடந்த ஓர் ஓட்டலைப் பிடித்து, 1972-ல் ‘ஆபரேஷன் லைஃப்’ தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குக் கிளினிக், கறுப்பினத்தவர் வாழ்ந்த வெஸ்ட்சைடுக்கு முதல் நூலகம், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு. நலத்துறை வரிசையில் நின்றவர்களே நிர்வாகத்தில் உட்கார்ந்தார்கள்.

தேசிய அமைப்புக்கு நீண்ட ஆயுள் இல்லை. நியூயார்க்கில் டிக் போட்ட தாள்கள் குவிந்ததும், 1968 ஆகஸ்டில் தனித்தனிப் பொருள்களுக்கான தொகையையே ரத்து செய்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் என்று தட்டையாக்கிவிட்டார்கள். சாவி கிடைத்ததும் பூட்டை மாற்றிய கதை. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் என்ற நிக்சனின் திட்டத்தை, பிச்சைக்காசு என்று அமைப்பு எதிர்த்தது; அது செனட்டில் செத்தது. நியூயார்க்கில் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்ப்பு நியாயம். மிசிசிப்பித் தாய்க்கு அந்த 1,600 எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளேயும் உரசல்: சம்பளம் வாங்கிய ஊழியர்களில் பலர் படித்த ஆண்கள், சந்தா கட்டியவர்கள் ஏழைப் பெண்கள். வைலி விலகினார், 1973-ல் படகிலிருந்து விழுந்து இறந்தார். அவர் பார்த்த நிர்வாகப் பொறுப்பை டில்மன் ஏற்றபோது நன்கொடையும் வற்றியிருந்தது. 1975-ல் கடனோடு கதவு மூடியது.

1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் 1935-ன் திட்டத்தையே முடித்து வைத்தது. புதிய திட்டத்தில் மத்திய நிதியிலிருந்து வாழ்நாளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பொதுவாகப் பணம் கிடையாது. இது யாருடைய உரிமையும் அல்ல என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆனாலும் அமெரிக்காவில் இன்று ஒரு குடும்பத்தின் மருத்துவ உதவியையோ உணவு உதவியையோ நிறுத்துவதென்றால், முதலில் ஒரு நோட்டீஸ் வர வேண்டும். இந்த முடிவை ஏற்காவிட்டால் விசாரணை கேட்கலாம் என்ற வரி அதில் இருந்தாக வேண்டும்.